இரண்டாம் பாகம் முடிந்ததும் வீட்டில் ஏன் சண்டை வருகிறது?

"மணிமேகலையைக் காணோமேடி" என்றார் அத்தை. 2023 ஏப்ரல் கடைசி ஞாயிறு, 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வந்து மூன்றாவது நாள். கும்பகோணத்தில் படம் பார்த்துவிட்டு காவிரிப் பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தோம். கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை, ஏப்ரலில் எங்கள் ஊரில் ஏது தண்ணீர், மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டு விளையாடிவிட்டுப் போன தடம் மட்டும் இருந்தது. அத்தை தியேட்டரை விட்டு வெளியே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, பாலத்தின் நடுவில் நின்று இதைச் சொன்னார். என் அக்கா மகள் கல்லூரி முதல் வருஷம், புத்தகத்தைத் தொட்டதே இல்லை, படம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவள் திரும்பிக் கேட்டாள்: "யாரு பாட்டி மணிமேகலை?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியும் பதிலும் பற்றித்தான். ஒரு புத்தகத்தைப் படமாக எடுக்கிறார்கள், இரண்டாம் பாகம் வருகிறது, ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தவர்கள் வெளியே வந்து வேறு வேறு படம் பார்த்த மாதிரி பேசுகிறார்கள். அது ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. ரசனை வேறுபாடு என்று சொல்லி முடித்துவிட முடியாது. தழுவல் என்கிற வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் யார் எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று புரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'பொன்னியின் செல்வன்' சரித்திர நாவல், மாயாஜாலக் கதை இல்லை. ஆனால் பார்வையாளர் தலைக்குள் நடக்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். டிராகன் பறக்கிற உலகமாக இருந்தாலும் சரி, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சோழர் தலைநகரான பழையாறையாக இருந்தாலும் சரி, இப்போது கண்ணால் பார்க்க முடியாத ஓர் இடத்தைப் படிக்கிறவர் தானே கட்டிக்கொள்கிறார். அதனால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு மாயாஜாலப் படத்தையும் நம் வீட்டுச் சண்டையையும் பக்கத்தில் வைத்தே பார்க்கிறேன். தற்செயலாக இரண்டு கதைக்கும் ஒரே வயது. கல்கியின் தொடர் 1950-இல் ஆரம்பித்து 1954-இல் முடிந்தது. டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் முதல் இரண்டு பாகங்கள் புத்தகமாக வந்ததும் அதே 1954-இல்தான்.

சரி, தழுவல் என்றால் என்ன? புத்தகத்தில் இருப்பதை அப்படியே படமாக்குவது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். அது முடியாத காரியம், கணக்குப் போட்டாலே தெரியும். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் சேர்த்து இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும். இரண்டு படமும் சேர்த்து சுமார் ஐந்தரை மணி நேரம், அதாவது 330 நிமிடம். நிமிடத்துக்கு ஆறு பக்கம் ஓட வேண்டும். சத்தம் போட்டுப் படித்தால்கூட ஒரு நிமிடத்தில் ஒரு பக்கம் தாண்டாது. டோல்கீனின் மூன்று பாகமும் ஆயிரம் பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, தியேட்டரில் ஓடிய மூன்று படங்களும் சேர்த்து ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அங்கே நிமிடத்துக்கு இரண்டு பக்கம். அதே டோல்கீன் 1937-இல் குழந்தைகளுக்காக எழுதிய 'ஹாபிட்' முந்நூறு பக்கம்தான், அதையும் 2012 முதல் 2014 வரை மூன்று படமாக எடுத்தார்கள், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம்.

இந்தக் கணக்கு முக்கியம். ஏனென்றால் சைக்கிள் ஸ்டாண்டில் கேட்கிற புகார் எந்த வகை என்பதை பாதி இதுவே முடிவு பண்ணிவிடுகிறது. நிமிடத்துக்கு ஆறு பக்கம் ஓடுகிற படத்தைப் பார்த்தவர் "வெட்டிட்டாங்க" என்பார். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்கிற படத்தைப் பார்த்தவர் "இழுத்துட்டாங்க" என்பார். 'ஹாபிட்' இரண்டாம் பாகத்தில் அதுதான் நடந்தது. புத்தகத்தில் இல்லாத டாரியல் என்கிற பெண் வீராங்கனையைப் புதிதாகச் சேர்த்தார்கள், அவளுக்கும் ஒரு குள்ளனுக்கும் காதல் வைத்தார்கள், அந்தப் புத்தகத்தில் வரவே வராத லெகோலஸைக் கொண்டுவந்தார்கள், கடைசியில் டிராகன் ஊரை எரிக்கக் கிளம்புகிற இடத்தில் படத்தை முடித்துவிட்டார்கள். இடம் நிறைய இருந்ததால் சேர்த்தார்கள். நம் படத்தில் இடம் இல்லாததால் மணிமேகலையே போய்விட்டாள்.

இரண்டுமே குற்றமில்லை, இரண்டுமே தழுவலில் அன்றாடம் நடக்கிற வேலை. வெட்டுவது, சேர்ப்பது, இடம் மாற்றுவது, இரண்டு பேரை ஒருவராக்குவது, ஒருவர் மனசுக்குள் நினைத்ததை வெளியே பேச வைப்பது. இந்த ஐந்தாறு வேலையைச் செய்யாமல் எந்தப் புத்தகமும் படமாகாது. கேள்வி எதை வெட்டினார்கள் என்பதில்தான்.

இங்கே நான் ரொம்ப நாள் கவனித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சம்பவத்தை வெட்டினால் வாசகர் பொறுத்துக்கொள்வார். கொஞ்சம் முனகுவார், அவ்வளவுதான். ஆனால் தெரிந்த ஓர் ஆள், அவர் செய்யவே மாட்டார் என்று நாம் நம்புகிற ஒன்றைத் திரையில் செய்தால், அதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்.

இதற்கு 2002-இல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு மோதிரம் இருக்கிறது, யார் கையில் கிடைத்தாலும் அவர் மனசைக் கெடுத்துவிடும், நல்லவரையும் விடாது. அதை அழிப்பதற்காக ஃப்ரோடோ என்கிற சின்ன உருவக்காரன் தூக்கிக்கொண்டு எதிரி நாட்டுக்கு நடக்கிறான். வழியில் ஃபாரமிர் என்கிற வீரனிடம் மாட்டிக்கொள்கிறான். ஃபாரமிரின் அண்ணன் போரமிர், முதல் பாகத்தில் இதே மோதிரத்துக்கு ஆசைப்பட்டுத் தடுமாறியவன். புத்தகத்தில் ஃபாரமிர் என்ன செய்கிறான் தெரியுமா? அது வழியில் கிடந்தால்கூட எடுக்க மாட்டேன் என்கிறான். விஷயம் முழுக்கத் தெரிந்த பிறகும் அந்தப் பேச்சில் நின்று, சாப்பாடு கட்டிக் கொடுத்து வழியனுப்புகிறான். அண்ணன் தோற்ற இடத்தில் தம்பி ஜெயிக்கிறான். படித்தவர்களுக்கு ஃபாரமிர் என்றால் அந்த ஒரு காட்சிதான்.

படத்தில் அவன் ஃப்ரோடோவைக் கைதியாக இழுத்துக்கொண்டு தன் நாட்டுக்குப் போகிறான். மோதிரத்தை அப்பாவிடம் கொடுத்துப் பெயர் வாங்கலாம் என்று நினைக்கிறான். இடிந்துபோன ஒரு நகரம் வரை கொண்டுபோய், கடைசி நேரத்தில்தான் மனசு மாறி விடுகிறான். புத்தகம் படித்தவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. படிக்காதவர்கள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஒரு மனிதன் தடுமாறி நிமிர்கிற நல்ல காட்சி என்று ரசித்தார்கள்.

ஏன் மாற்றினார்கள்? படக்குழு பின்னால் பேட்டிகளில் சொன்ன காரணம் யோசிக்க வைக்கிறது. மூன்று மணி நேரமாக, இந்த மோதிரம் யாரையும் விடாது, இதுதான் உலகத்திலேயே பயங்கரமான பொருள் என்று பார்வையாளருக்குச் சொல்லிக்கொண்டே வருகிறோம், திடீரென்று ஒருவன் வந்து எனக்கு வேண்டாம் என்று சாதாரணமாகச் சொன்னால் அந்தப் பயம் அங்கேயே இறங்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. புத்தகத்தின் இரண்டாம் பாகம் ஷீலாப் என்கிற ராட்சதச் சிலந்தியோடு ஃப்ரோடோ மாட்டிக்கொள்கிற இடத்தில் முடிகிறது. படத்தில் அந்தச் சிலந்தியை மூன்றாம் பாகத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சிலந்தி போனால் ஃப்ரோடோவின் கதைக்கு இரண்டாம் பாகத்தில் உச்சகட்டமே இல்லை, வெறும் நடைதான். அந்தக் காலி இடத்தை நிரப்ப ஒரு ஆபத்து வேண்டும். அது ஃபாரமிர் தலையில் விழுந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. படம் எடுப்பவர் பெரும்பாலும் ஒரு பாத்திரத்தைப் பிடிக்காமல் மாற்றுவதில்லை. ஓரிடத்தில் ஒரு கல்லை உருவினால் வேறிடத்தில் சுவர் சாய்கிறது, அதைத் தாங்க இன்னொரு கல்லை நகர்த்துகிறார். வாசகருக்கு நகர்த்திய கல் மட்டும்தான் கண்ணில் படுகிறது. பிற்பாடு டிவிடியில் வந்த நீளமான பதிப்பில் ஃபாரமிர், அவன் அண்ணன், அப்பா மூவரும் வருகிற ஒரு பழைய நினைவுக் காட்சியைச் சேர்த்தார்கள். அப்பா அண்ணனைக் கொண்டாடித் தம்பியை மட்டம்தட்டுகிற காட்சி. அதைப் பார்த்த பிறகு அவன் ஏன் தடுமாறினான் என்று தெரிகிறது. நான்கைந்து நிமிடக் காட்சி ஒன்று இருந்ததா இல்லையா என்பதில் ஓர் ஆளின் குணமே மாறித் தெரிகிறது.

ஆனாலும் நான் வாசகர் பக்கம்தான். காரணம் புரிகிறது என்பதற்காக வலி போய்விடாது.

இனி இரண்டாம் பாகம் என்பதற்கே உள்ள சிக்கலுக்கு வருகிறேன். முதல் பாகத்தைப் பார்க்கும்போது புத்தகம் படித்தவர் புத்தகத்தோடு ஒப்பிடுவார், படிக்காதவர் எதனோடும் ஒப்பிட மாட்டார். இரண்டாம் பாகம் வரும்போது இருவருக்கும் இன்னொரு மூலம் வந்துவிடுகிறது, அதுதான் முதல் பாகம். "ஃபர்ஸ்ட் பார்ட் மாதிரி இல்ல" என்று படிக்காதவரும் சொல்ல ஆரம்பிப்பது அதனால்தான். 2022 செப்டம்பர் 30-இல் முதல் பாகம் பார்த்தபோது வந்தியத்தேவனோடு சேர்ந்து நாமும் குதிரையில் போனோம். புது ஆள், புது ஊர், ஒவ்வொரு இடத்திலும் ஒரு புது முகம். கல்கி அவனை முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் விட்டதே அதற்காகத்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, நமக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கதையின் பின்பாதியில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். பயணம் குறைந்து அறைகளும் வாக்குவாதங்களும் வருகின்றன, கடம்பூர் மாளிகையில் ஆட்கள் ஒருவரை ஒருவர் வேவு பார்க்கிறார்கள். புத்தகத்தில் அந்தப் பகுதி எனக்கு மூச்சு முட்டும் அளவுக்குப் பிடிக்கும், ஏனென்றால் கல்கி ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் புகுந்து வருவார். திரையில் இரண்டு பேர் நின்று பேசுவதுதான் தெரியும். "செகண்ட் பார்ட் ஸ்லோ" என்று தியேட்டர் வாசலில் கேட்டது இதைத்தான். வேகம் குறைவதை எடிட்டிங் குறை என்று மட்டும் நினைக்க வேண்டாம், அது கதையின் வளைவிலேயே இருக்கிறது.

இன்னொன்று, இதை யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. இரண்டாம் பாகம் பார்க்க வருகிற கூட்டம் முதல் பாகம் பார்த்த அதே கூட்டம் இல்லை. ஆட்கள் அதேதான், தலைக்குள் இருப்பது மாறிவிட்டது. இரண்டு படத்துக்கும் நடுவே ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் எங்கள் தெருவில் மட்டும் எத்தனை வீட்டில் ஐந்து பாகமும் செட்டாக வந்து இறங்கின! என் மைத்துனர் அரிசி மண்டியில் உட்கார்ந்து ஆடியோவாகவே முழுக் கதையையும் கேட்டு முடித்தார். முதல் பாகத்தை வாயைப் பிளந்து பார்த்த மனிதர், இரண்டாம் பாகத்தில் இடைவேளை வருவதற்குள் மூன்று தடவை "இது இப்படி இல்லையே" என்றார். எங்கள் வீட்டிலேயே கடுமையாகப் பேசியவர் அவர்தான், அத்தை இல்லை. புதிதாகப் படித்தவருக்குச் சம்பவம் எல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கும், எந்த அத்தியாயத்துக்கு அடுத்து எது என்று சொல்லுவார், ஒவ்வொன்றும் தவறும்போது அவருக்கு ஒரு தட்டு விழுகிறது. அறுபது வருஷத்துக்கு முன் படித்த அத்தைக்கு வரிசை எல்லாம் மறந்துவிட்டது. அவருக்கு மிஞ்சியிருப்பது முகங்கள். அதனால்தான் அவ்வளவு மாற்றங்களில் அவர் கேட்டது ஒரே ஒரு பெண்ணை.

மைத்துனரின் பெரிய புகார் வேறு. நாவலில் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன், பூக்கட்டிக்கொண்டிருந்தவன் சோழ சிம்மாசனத்தில் உட்காருகிறான். படத்தில் அந்த முடிச்சே இல்லை, மதுராந்தகனாகவே வளர்ந்தவர்தான் முடிசூடுகிறார். "அந்த ட்விஸ்ட்டுக்காகத்தான் ஐந்து பாகம் கேட்டேன்" என்று ஆதங்கப்பட்டார். நியாயமான ஆதங்கம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டுமானால் செம்பியன் மாதேவியின் பழைய கதை, வாணி அம்மாள், குழந்தை மாறிய ராத்திரி எல்லாம் வேண்டும், நிமிடத்துக்கு ஆறு பக்கம் ஓடுகிற படத்தில் அதற்கு அரை மணி நேரம். அதைவிட்டால் அருள்மொழி (பின்னால் இராஜராஜன் ஆகிறவர்) கிரீடத்தை இன்னொருவர் தலையில் வைக்கிற தியாகம் மட்டும் நேராக நிற்கும். படம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. சரித்திரத்துக்கு அது கிட்டத்தில்கூட வருகிறது.

சரித்திரம் என்றதும் டெல்டாக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். வேறு ஊரில் புத்தகம், படம் என்று இரண்டு தட்டுதான். இங்கே கல்வெட்டு என்று மூன்றாவது தட்டு உண்டு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றி. டீக்கடையில் யாராவது "யார் கொன்னாங்கன்னுதான் கல்லுலயே எழுதியிருக்கே, அப்புறம் படத்துல என்ன" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நாவலில் கல்கி அந்தக் கொலையைக் கடைசி வரை இருட்டிலேயே வைத்தார், கடம்பூரில் விளக்கு அணைந்த அறை. படம் வெளிச்சத்தில் காட்டியது. மூன்றும் மூன்று விதம். இதில் கல்கியே தழுவியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அருள்மொழியின் அக்கா குந்தவையின் கணவர் என்று பெயர் வருகிற வல்லவரையர் வந்தியத்தேவரை எடுத்து, குதிரை கொடுத்து, வாய் கொடுத்து, பசி கொடுத்து நடக்கவிட்டவர் அவர். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், மணிமேகலை எல்லாம் அவர் கற்பனை. அவர் சரித்திரத்துக்குச் செய்ததை அவருக்குச் சினிமா செய்கிறது. இதை அத்தையிடம் சொன்னேன். "அவர் சேர்த்தார்டி, இவங்க எடுத்துட்டாங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் இடம். டோல்கீனின் உலகம் எங்கேயும் இல்லை, அதனால் நியூசிலாந்தில் எடுத்தபோது மலைகளைப் பார்த்து இது அது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பழையாறை எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அதற்குப் பக்கத்திலேயே சோழன்மாளிகை என்று ஒரு ஊர் இருக்கிறது, பெயரில் மாளிகை, ஊரில் ஓட்டு வீடும் மாட்டுக் கொட்டகையும் வாய்க்காலும்தான். சின்ன வயசில் நானும் அக்காவும் திருப்புறம்பியம் பள்ளிப்படைக்கு, அதாவது அரசர் சமாதி மேல் எழுப்பிய கோயிலுக்கு, சைக்கிளில் போவோம், சாயங்காலம் ஆந்தை கத்தினால் ரவிதாசன் ஆட்களைக் கூப்பிடுகிறான் என்று மிதித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவோம். எங்களுக்கு நந்தினியின் பல்லக்கு போகிற பாதை என்றால் இரண்டு பக்கமும் நெல்வயலும் மூங்கில் கொத்தும் உள்ள செம்மண் பாதை. திரையில் உயரமான கல் கோட்டைகள். ஓர்ச்சாவிலும் குவாலியரிலும் எடுத்தார்கள், வடநாட்டுக் கட்டடங்கள் என்று பார்த்தவுடனே தெரிகிறது. எனக்கு முதல் பாகத்திலேயே அது உறுத்தியது, இரண்டாம் பாகத்திலும் பழகவில்லை.

ஆனால் வேறு எங்கே எடுப்பது? சோழர் அரண்மனை ஒன்றுகூட நிற்கவில்லை. கோயிலைக் கல்லில் கட்டினார்கள், தாங்கள் இருந்த மாளிகையைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கங்கைகொண்டசோழபுரத்தில் மாளிகைமேடு என்ற இடத்தில் தோண்டிப் பார்த்ததில் கிடைத்தது செங்கல் அடித்தளம்தான், அதன் மேல் என்ன நின்றது என்பதை நாம்தான் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டும். நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன், முழங்கால் உயரத்துக்கு வரிசையாகச் செங்கல், மேலே தகரக் கூரை. அதைக் காட்டி ஒரு ராஜ்ஜியத்தை நம்ப வைக்க முடியாது. வாசகர் தலைக்குள் செலவில்லாமல் கட்டிய மாளிகைக்கு எந்தச் செட்டும் ஈடாகாது, அதுவும் அந்த மாளிகைக்கு ஜன்னல் வழியாக நம் ஊர் வயல் தெரியும்படி கட்டி வைத்திருந்தால்.

இதில் ஓவியர் மணியத்துக்குப் பங்கு உண்டு. அத்தை வீட்டில் இருப்பது கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. வாராவாரம் கல்கி பத்திரிகையில் வந்த பக்கங்களை அவருடைய அப்பா கிழித்து எடுத்து, சேர்த்து, பைண்டிங் செய்து வைத்தது. காக்கி அட்டை, முதுகில் துணி, உள்ளே பூச்சி அரித்த ஓட்டை ஒரு பக்கத்திலிருந்து இருபது பக்கம் தாண்டி வரும். மணியம் வரைந்த படங்களோடு படித்தவர்களுக்குக் குந்தவை என்றால் அந்தக் கொண்டைதான், அந்த நெற்றிதான். அவர்களுக்கு முதல் தழுவல் 2022-இல் வரவில்லை, கதை வந்த அதே வாரமே வந்துவிட்டது. எந்த நடிகை வந்தாலும் அந்தக் கோடுகளோடுதான் மோத வேண்டும்.

ஆக, படம் பார்த்துவிட்டு வருகிறவர் என்ன சொல்கிறார் என்று அடுத்த தடவை கேட்கும்போது, அவர் எதனோடு ஒப்பிடுகிறார் என்று முதலில் கேளுங்கள். "கதையை மாத்திட்டாங்க" என்றால் அவர் கையில் புத்தகம் இருக்கிறது, எந்த மாற்றம் என்று கேட்டால் சம்பவமா ஆளா என்று தெரிந்துவிடும். "முதல் பாகம் அளவுக்கு இல்ல" என்றால் அவர் படத்தைப் படத்தோடு ஒப்பிடுகிறார், அவரிடம் போய் நாவலில் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்வதில் பயனில்லை. "நம்ம ஊர் மாதிரியே இல்ல" என்றால் அவர் டெல்டாக்காரர். ஒன்றுமே சொல்லாமல் வருகிறவர் இருந்தால் அவரோடு கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அக்கா மகள் மறுபடியும் கேட்டாள், யாரு பாட்டி அது என்று. கடம்பூர் சம்புவரையர் மகள் என்று அத்தை ஆரம்பித்தார். அண்ணன் கந்தமாறன் தன் சிநேகிதன் வந்தியத்தேவனைப் பற்றிப் பேசிப் பேசியே, பார்ப்பதற்கு முன்பே அவன் மேல் உயிரை வைத்துவிட்டவள். அவனுக்கோ மனசு குந்தவையிடம். கரிகாலன் செத்துக் கிடந்தபோது பழி அவன் மேல் விழுந்துவிடக் கூடாது என்று, நான்தான் கொன்றேன் என்று சொன்னாளே அந்தப் பெண், என்றார் அத்தை. இவள் அதுவரை போனை ஒரு கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தாள், அதைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

அத்தை சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஐந்தாவது பைண்டிங்கை எடுத்து வந்தார். கடைசி அத்தியாயத்தைத் திருப்பப் போனவர், கொஞ்சம் யோசித்து, மூடி வைத்துவிட்டு, முதல் பைண்டிங்கை எடுத்து வரச் சொன்னார். அதில் பதினைந்து இருபது பக்கத்துக்கு நடுவில் அந்தப் பூச்சி ஓட்டை இருக்கிறது, ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து போயிருக்கும், ஆனால் வீரநாராயண ஏரிக்கரை தப்பித்துவிட்டது. நான் படுக்கப் போகும்போது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இவள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், ஓட்டை வருகிற இடத்தில் அத்தை அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.